கிளாம்ப்பில் ஒரு மஞ்சள் கோடு

எஞ்சின் நின்றுவிட்டது. கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது, கழுத்தைப் பிடித்த மாதிரி ஒரே விக்கலில் அடங்கிவிட்டது. அப்புறம் அந்த ஓடைப் பள்ளத்தில் சத்தமே இல்லை. மேலே ஏதோ ஒரு கிளையிலிருந்து பனி பொதக்கென்று விழுந்தது. என் கட்டைவிரல் இன்னும் வேக விசையை அழுத்திக்கொண்டுதான் இருந்தது, எடுக்க மறந்துவிட்டேன். பனிவண்டிக்கு அடியில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கொட்டி, பச்சையாகப் பனிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மலையில் குளிர்காலத்தில் பச்சை என்று ஒன்றும் கிடையாது. பைன் மரம்கூடக் கறுப்பாகத்தான் தெரியும். அதனால் அந்தப் பச்சை பத்து மைலுக்கு அப்பாலிருந்தும் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. பூட்ஸால் பனியைத் தள்ளி மூடினேன். கொஞ்ச நேரத்தில் மேலே ஊறி வந்தது. மறுபடி மூடினேன். இடது மணிக்கட்டு நெருப்பாக எரிந்தது. வலது கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அதைச் சட்டைக்குள் போடுவதா, ஓடையில் எறிவதா, கருவிப் பெட்டியிலேயே திருப்பி வைப்பதா என்று புரியாமல் அதை வாயில் கவ்விக்கொண்டேன். பல்லில் இரும்பு ஒட்டியது. அப்போதுதான் தோளில் மாட்டியிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"ஷேலி? ஏய் ஷேலி! உயிரோட இருக்கியா? சோபா என்ன சொல்லுது?"

பெரியப்பா மகன் டாலன். பின்னால் அவனுடைய நண்பன் கோல்பி சிரிப்பதும் கேட்டது.

ஸ்க்ரூ டிரைவரை வாயிலிருந்து பிடுங்கினேன். உதட்டில் கொஞ்சம் தோல் போய்விட்டது. பட்டனை அழுத்தி, "நின்னுடுச்சு. என்னமோ ஒழுகுது" என்றேன். என் குரல் அழுகிற குரலாக வந்தது. அது நடிப்பில்லை. ஆனால் அவர்கள் நினைத்த காரணத்துக்காக நான் அழவில்லை.

வீட்டில் அப்பாவைத் தவிர எல்லோரும் படுத்தாயிற்று. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டிவிடும் போலிருக்கிறது. அதனால் சொல்கிறேன்.

அந்த வண்டியை 'சோபா' என்று பேர் வைத்தது கோல்பி. அது அம்மாவின் பழைய ஸ்னோமொபைல், பாதைவண்டி ரகம். சமனாக அமுக்கிவிட்ட பனிப்பாதையில் குடும்பத்தோடு போய்வருவதற்கானது. அகலமான முன்புறம், மெத்தென்ற இருக்கை, அடியில் சுழலும் குட்டையான ரப்பர் பட்டை. மலைச்சரிவில், இடுப்பளவு புதுப்பனியில் அதை இறக்கினால் கல் மாதிரி உள்ளே போய்விடும். எங்கள் பள்ளத்தாக்கில் பதினைந்து பதினாறு வயதானால் பிள்ளைகள் பாதையை விட்டு மலைக்கு ஏறிவிடுவார்கள். அதற்கு மலைவண்டி வேண்டும். நான் போன வசந்தத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா இல்லை என்று சொல்லவில்லை. "பாக்கலாம் கண்ணு" என்றார். இலையுதிர்காலத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அம்மாவின் வண்டி கராஜில் ஸ்டாண்டின் மேல் மல்லாத்திய ஆமை மாதிரி பிரிந்து கிடந்தது.

பெரியப்பா வெர்ல் அங்கேதான் நின்றிருந்தார். கையில் வழக்கம்போல சூடான சாக்லேட். அவருக்கும் அப்பாவுக்கும் அன்றைக்கு நடந்த வாக்குவாதத்தைப் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் அவரவர் கராஜில் நடத்தியிருப்பார்கள்.

"ருலன், நான் சொல்றதக் கேளு. பாதைவண்டிக்கு என்ன பண்ணாலும் அது பாதைவண்டிதான். கழுதைக்கு சேணம் போட்டா குதிரையாகிடுமா? பேசாம ஒரு மலைவண்டியா பாத்து வாங்கு."

"அண்ணா, மலைவண்டின்னா என்ன? நீளமான பட்டை. அதுல பனியத் தள்ற உசரமான துடுப்பு. முன்னாடி சறுக்கற ரெண்டு கட்டையும் கொஞ்சம் கிட்டக்கிட்ட. கியர இறக்கிக்கணும். இதுல எது என்னால முடியாது?"

"எடை. அதக் கொறைக்க முடியுமா உன்னால?"

"அதுக்கு ஓட்டறவ ஒல்லியா இருந்தா போதும்" என்று என்னைப் பார்த்து அப்பா கண்ணடித்தார். பெரியப்பா வாய்க்குள் இருந்த சாக்லேட்டைச் சிந்திச் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே ஏதோ ஒன்று சிரிக்கவில்லை. டாலனுடைய வண்டியில் புது வண்டி வாசனை இன்னும் போகவில்லை. எனக்கு அம்மாவின் வண்டி. அதுவும் வெட்டி ஒட்டினது.

அப்பா காலையில் இருட்டோடு எழுந்து, கவுன்டி நிர்வாகத்துக்காகச் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டப் போய்விடுவார். மத்தியானத்துக்கு மேல் கராஜ். மூன்று மாதம் அந்த வண்டியோடுதான் இருந்தார். பின்புறக் கூட்டை அறுத்து நீட்டினார். நீளப் பட்டையை மாட்டியதும் அதன் துடுப்புகள் உள்ளே இடித்தன. மறுபடி எல்லாவற்றையும் பிரித்து, சின்னப் பல்சக்கரம் கடைந்து போட்டார். என்னையும் கூப்பிடுவார். விளக்கைப் பிடிக்கச் சொல்வார். நட்டை முடுக்கியதும் சட்டைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் பெயின்ட் பேனாவை எடுத்து, நட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு கோடு இழுப்பார். அது அவருடைய பழக்கம். முடுக்காமல் கோடு போடமாட்டார், கோடு போடாமல் அடுத்த நட்டுக்குப் போகமாட்டார். "கோடு நேரா இருந்தா அது அசையலன்னு அர்த்தம். விலகியிருந்தா அசைஞ்சிருக்கு. பிரிச்சுப் பாக்கவே வேணாம், கண்ணால பாத்தா போதும்." அந்த வண்டியின் பக்கத் தகட்டைத் திறந்தால் உள்ளே எங்கே பார்த்தாலும் மஞ்சள் கோடுகள். யாரோ குழந்தை கிறுக்கினது மாதிரி இருக்கும்.

முதல் பனி விழுந்ததும் அவரே மலைக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார். நான் கீழே நின்று பார்த்தேன். அது ஏறியது. மூக்கு கொஞ்சம் கனம்தான், சரிவில் பக்கவாட்டில் போகும்போது அவர் உடம்பு முழுவதையும் வெளியே தொங்கவிட்டு ஓட்ட வேண்டியிருந்தது. ஆனால் ஏறியது. இறங்கி வந்தபோது மீசையெல்லாம் பனி. "ஒண்ணே ஒண்ணுதான் ஷேலி. ஏறும்போது பயந்து விசையை விட்டுடாத. விட்டா புதையும். புடிச்சிட்டே இரு, அது உன்னத் தூக்கிட்டுப் போயிடும்." பார்த்தவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். அந்த மாதத்திலேயே ஆர்லோ என்பவரும் இன்னொருவரும் அவரவர் பாதைவண்டியைக் கொண்டுவந்து எங்கள் கராஜ் வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். தங்களுக்கும் அதே மாதிரி செய்து தரும்படி. அப்பா அந்த இரண்டு வண்டியையும் தார்ப்பாய் போட்டு மூடி, சாப்பிடும்போது ஜன்னல் வழியாக ஒருதரம் பார்ப்பார். அவர் சீட்டியடித்து நான் கேட்டது அந்த மாதம்தான்.

எனக்கு ஏறும்போது பயம். அதுதான் விஷயம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சரிவு செங்குத்தாக நிமிர்ந்து வரும்போது, வண்டியின் மூக்கு வானத்தைப் பார்க்கும்போது, என் கட்டைவிரல் தானாக விட்டுவிடும். உடனே வண்டி புதையும். உடனே நான் வண்டியைத் திட்டுவேன்.

சனிக்கிழமை மூன்று பேர் போனோம். மலையடியில் வண்டிகளை இறக்கியதும் டாலன் தொப்பியைக் கழற்றி ஜெபம் சொன்னான். பிறகு ஒவ்வொருவராக அவனைக் கடந்து போனோம், பனிச்சரிவில் மாட்டினால் கண்டுபிடிக்க நெஞ்சில் கட்டியிருக்கும் கருவி பீப் அடிக்கிறதா என்று பார்க்க. எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. யார் புதைந்தாலும் எல்லோரும் இறங்கித் தோண்ட வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது. அன்றைக்கு அதிகமாகப் புதைந்தவர் திரும்பும் வழியில் எல்லோருக்கும் டோனட் வாங்கித் தர வேண்டும்.

முதல் சரிவிலேயே புதைந்தேன். தோண்டினார்கள். அடுத்ததில் புதைந்தேன். அப்போதும் தோண்டினார்கள். கோல்பி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "நான் இன்னிக்கு சாக்லேட் தடவினதுதான் சாப்பிடுவேன், சொல்லிட்டேன்" என்றான். அதற்கடுத்த சரிவில் வண்டி வால் வரைக்கும் போய்விட்டது. மூன்று பேரும் முழங்கால் போட்டுத் தோண்டினோம். எனக்கு மூக்கு ஒழுகியது. "என்ன பண்றது, பழைய வண்டி. அப்பா என்னமோ ஒட்டுப்போட்டு வச்சிருக்காரு" என்றேன். அப்படிச் சொன்னது நான்தான். அவர்கள் அதுவரைக்கும் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டாலன் எழுந்து கையுறையைத் தட்டினான். "தள்ளு. நான் ஒரு தடவ பாக்கறேன்."

அவன் உட்காரவே இல்லை. நின்றுகொண்டே விசையை முழுவதும் அழுத்தினான். பின்னால் பனி ஒரு வீடு உயரத்துக்கு எழும்பியது. சோபா குழியிலிருந்து மூக்கை நிமிர்த்தி, நான் புதைந்த அதே சரிவில், நேராக மேலே போய் முகட்டில் நின்றது. அவன் அங்கிருந்து இரண்டு கையையும் தூக்கினான். "சோபா ஏறிடுச்சுடா! சித்தப்பா மாயம் பண்ணியிருக்காருடா!"

கோல்பி என் பக்கம் திரும்பினான். கெட்டவன் இல்லை அவன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"அப்ப சோபா மேல தப்பில்ல. அதுல உக்காந்திருந்த ஆள் மேலதான்."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தேன். அவர்களே நிறுத்தியதற்கு அப்புறமும்.

டாலன் வண்டியைக் கொண்டுவந்து கொடுத்ததும், நீங்கள் இன்னொரு தடவை ஏறிவிட்டு வாருங்கள், நான் கீழே ஓடைக்கரை வழியாகப் போய் நிற்கிறேன் என்று சொல்லி இறங்கினேன். ஓடைப் பள்ளத்தில் மரங்களுக்கு நடுவே நின்றேன். அங்கே புதையவில்லை. ஒன்றும் ஆகவில்லை. எஞ்சின் சாதுவாக உறுமிக்கொண்டிருந்தது. அது எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றியது. அதை அணைத்தேன். பக்கத் தகட்டைத் திறந்தேன். மஞ்சள் கோடுகள். தடியான ஒரு ரப்பர் குழாயைப் பிடித்திருந்த வளையக் கிளாம்ப்பின் திருகில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன். அப்பா முடுக்கியது எளிதில் அசையவில்லை. இரண்டு கையாலும் திருக வேண்டியிருந்தது. குழாயை இழுத்ததும் கூலன்ட் பீறிட்டு மணிக்கட்டில் கொதிக்கக் கொதிக்கப் பட்டது. கொஞ்சம் ஒழுகினால் போதும், வண்டி சரியில்லை என்று தெரிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அப்புறம், ஓடும்போது கழன்றது மாதிரி இருக்க வேண்டுமே என்று தகட்டை மூடி மறுபடி கிளப்பினேன். பட்டை ஒரே இடத்தில் சுற்றிக் குழி பறித்தது. சிவப்பு விளக்கு மினுக்கியது. நான் கட்டைவிரலை எடுக்கவில்லை. மலையில் ஒருதரம்கூடக் கடைசிவரை பிடிக்காத விசையை அங்கே பிடித்துக்கொண்டே இருந்தேன். நின்று போகும் வரைக்கும்.

டாலன் இறங்கி வந்து தகட்டைத் திறந்து பார்த்தான். "ஹோஸ் கழண்டிருக்கு. கிளாம்ப்பு லூசா தொங்குது பாரு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான். "சித்தப்பா இத முடுக்கலியா?"

நான் சொன்ன பொய் இவ்வளவுதான்: "தெரியல. அப்பாதான் மாட்டினாரு."

டாலனுக்குப் பின்னால் உட்கார்ந்து மலையடிக்கு வந்தேன். டோனட் யாரும் கேட்கவில்லை. வண்டி நின்ற சேதி கேட்டு அப்பா அங்கே வந்து காத்திருந்தார். என் இரண்டு கன்னத்தையும் பிடித்து, "உனக்கு ஒண்ணும் ஆகலல்ல? ஒண்ணும் ஆகலல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டாலன் குழாயைப் பற்றிச் சொன்னான். அப்பா தன் இரண்டு கையையும் விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ அடையாளம் தேடுவது மாதிரி. அப்புறம், "மேகம் கீழயிருந்து ஏறி வந்திருந்தா, நீ தனியா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வண்டி தொடமாட்டோம். ஆனால் அன்றைக்கு மத்தியானம் பெரும்பனி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். விட்டுவிட்டால் வண்டி வசந்தத்தில்தான் வெளியே வரும். "மாடு குழியில விழுந்தா ஓய்வுநாள்லயும் தூக்கலாம்னு வேதத்துலயே இருக்கு" என்று பெரியப்பா விடியும் முன்பே வந்துவிட்டார். இரண்டு பேரும் மலைக்குப் போனார்கள். அது மாதத்தின் முதல் ஞாயிறு வேறு, உபவாச ஞாயிறு. யாரும் சாப்பிடவில்லை. வெறும் வயிற்றோடு இரண்டு கிழட்டு ஆண்கள் நான் தோண்டின குழியைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்து ஜன்னலில் நின்றேன். அம்மா வந்து என் தலையைத் தடவி, "கவலப்படாத, வந்துடுவாங்க" என்றாள். நான் ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

உபவாச ஞாயிற்றில் எங்கள் சபையில் பிரசங்கம் கிடையாது. மனசில் பட்டவர் எழுந்துபோய் மேடையில் நின்று சாட்சி சொல்லலாம். அப்பா எப்போதும் போகமாட்டார். எனக்கு நினைவு தெரிந்து போனதே இல்லை. அன்றைக்குப் பாதி ஆராதனையில்தான் பெரியப்பாவும் அவரும் உள்ளே வந்தார்கள். காற்று அடித்து முகம் சிவந்து கிடந்தது, டை கோணலாக இருந்தது. எங்கள் வரிசைக்கு வராமல் நேராக மேடைக்குப் போனார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என் பொண்ணு பத்திரமா வீடு வந்து சேந்தா. அதுக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லணும்னுதான் வந்தேன்" என்றார். "அவ வண்டியக் கட்டினது நான். ஒரு கிளாம்ப்ப முடுக்காம விட்டுட்டேன். நான் பெரிய ஆள்னு நெனச்சுக்கிட்டேன், அதான். என் கர்வத்துக்கு எம் பிள்ள வெல கொடுக்காம ஆண்டவர் பாத்துக்கிட்டாரு. எங்கிட்ட வண்டி குடுத்தவங்க இங்க இருக்கீங்க. உங்களுக்கும் இது தெரியணும். அவ்வளவுதான்."

எங்கோ ஒரு குழந்தை தின்னக் கொடுத்த தானியப் பொரிக் குப்பியைக் கிலுக்கியது. அம்மா அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாள். சரியாக மணிக்கட்டில். அவளால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கிப் பிடித்தாள். கொப்புளம் உடைந்தது எனக்குத் தெரிந்தது, ஈரம் கம்பளியில் ஊறியது தெரிந்தது. நான் அசையவில்லை. அப்பா இறங்கி வரும் வரைக்கும் அம்மா விடவில்லை. நானும் இழுக்கவில்லை. அப்போதுகூட எழுந்து நின்றிருக்கலாம். மேடைக்கும் எனக்கும் நடுவில் ஒரு நடைபாதைதான் இருந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ஆர்லோவின் டிரெய்லர் எங்கள் வாசலில் நின்றது. அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பனியைக் காலால் கோதிக்கொண்டிருந்தார்.

"தப்பா எடுத்துக்காத ருலன். நீ மேடையில சொன்னது பெரிய விஷயம். எத்தன பேரு சொல்லுவான்? ஆனா எம் பையன் சொல்றான், மலைவண்டியே வாங்கிடலாம்னு. இந்தக் காலத்துப் பசங்க, தெரியுமே."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல ஆர்லோ. வா, ஏத்தித் தரேன்."

அப்பாவே தார்ப்பாயை எடுத்து மடித்தார். அப்பாவே வண்டியைத் தள்ளி ஏற்றினார். நான்கு பக்கமும் வார்ப்பட்டையைப் போட்டு இறுக்கிக் கட்டினார். "போலாம்" என்று டிரெய்லரைத் தட்டினார். ஆர்லோ வண்டியைச் சுற்றி வந்தார். போகிற போக்கில், யோசிக்காமல் செய்வது மாதிரி, அப்பா கட்டின பட்டை ஒவ்வொன்றையும் ஒருதரம் இழுத்துப் பார்த்தார்.

எங்கள் பள்ளத்தாக்கில் அப்பா கட்டினதை யாரும் இழுத்துப் பார்த்ததில்லை. அப்பா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, குனிந்து தார்ப்பாயை இன்னும் சின்னதாக மடிக்க ஆரம்பித்தார்.

ராத்திரிச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கைத் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னார். "ஷேலி, உனக்கு மலைவண்டியே வாங்கிடலாம். டாலன்து மாதிரி. வெல்டிங் மெஷின பெரியப்பா எடுத்துக்கறேன்னாரு. இனிமே நமக்கு எதுக்கு அது?"

ஒரு வருஷமாக இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். "வேணாம்பா" என்றேன். "ஏன் வேணாம்? வேணும்" என்றார். அவர் என்னிடம் கெஞ்சுவது மாதிரி இருந்தது.

தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு கராஜுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், சத்தியமாக. அப்பா அங்கே இல்லை. பின்பக்கம் விறகு எடுக்கும் சத்தம் கேட்டது. சோபா ஸ்டாண்டின் மேல் இருந்தது, பக்கத் தகடு கழற்றியிருந்தது. பழைய கிளாம்ப் மேசையில் காந்தக் கிண்ணத்தில் தனியாகக் கிடந்தது. அதை எடுத்தேன்.

திருகின் தலையில் மஞ்சள் கோட்டின் ஒரு பாதி. வளையத்தில் இன்னொரு பாதி. இரண்டும் எதிர்எதிர்த் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. திருகின் பள்ளத்தில், ஸ்க்ரூ டிரைவர் வழுக்கின இடத்தில், புது இரும்பு வெள்ளையாகப் பளபளத்தது.

கோடு இருக்கிறது. அப்பா முடுக்காமல் கோடு போடமாட்டார். என்னை விளக்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு அந்தக் கோட்டை அவர் இழுத்தது எனக்கே நினைவிருக்கிறது. இந்தக் கிளாம்ப்பைக் கழற்றி இங்கே வைத்தவரும் அவர்தான். கண்ணால் பார்த்தால் போதும் என்று சொன்னவரும் அவர்தான்.

"அது எதுக்கு? போடு. புதுசு மாட்டிட்டேன்."

வாசலில் விறகோடு நின்றிருந்தார். கிளாம்ப் என் கைக்குள் இருந்தது. கிண்ணத்தில் போட்டேன், டங் என்றது.

"எஞ்சின் என்னாச்சுப்பா?"

"பிஸ்டன் ஒட்டிக்கிச்சு. பிரிச்சு மாத்தணும்." விறகை அடுக்கினார். "ஓட்ட ஆள் இல்லாட்டியும் ஓடற வண்டியா இருக்கட்டும். உங்கம்மாவோட வண்டி." சட்டைப்பையில் கைவிட்டு மஞ்சள் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "இந்தா, புதுசுல கோடு போடு. எனக்கு இந்த வெளிச்சத்துல கண்ணு சரியாத் தெரியல."

குனிந்து கையை உள்ளே விட்டேன். ஸ்வெட்டர் கை மேலே ஏறியது. மணிக்கட்டு விளக்குக்கு நேராக வந்தது. சிவந்து, தோல் சுருண்டு, நடுவில் ஈரமாக. கோடு புழு மாதிரி நெளிந்து போனது. அப்பா கோட்டைப் பார்க்கவில்லை.

பேனாவை வாங்கி மூடிக்கொண்டே கேட்டார். "ஹோஸ் கழண்டப்ப தெறிச்சுதா?"

"ம்."

"ம்" என்றார் அவரும். உள்ளே போய் அம்மாவின் மருந்துப் பெட்டியிலிருந்து களிம்பை எடுத்து வந்தார். அவருடைய விரல் நுனி உப்புத்தாள் மாதிரி இருக்கும், அதனால் சுண்டுவிரலால் தடவினார். ஊதிக்கொண்டே தடவினார். நான் சின்னப் பிள்ளையாக முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோது ஊதின மாதிரியே. "தூங்கு போ" என்றார்.

படிக்கட்டில் ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. குழாய் தானாகக் கழன்றிருந்தால் அது மூடிய தகட்டுக்குள்ளேதான் தெறித்திருக்கும். வெளியே கைப்பிடியைப் பிடித்து ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருத்தியின் மணிக்கட்டுக்கு அது வரவே வழியில்லை. இது எனக்கே தெரிகிறது என்றால் அந்தத் தகட்டை அறுத்துப் பொருத்தினவருக்கு?

இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டிருக்கிறேன். படுக்கும் முன் ஜெபம் சொல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் படுப்பதில்லை. கை முழுக்கக் களிம்பு வாசனை. கராஜ் விளக்கு இன்னும் எரிகிறது, ஜன்னல் வழியாகப் பனியின் மேல் மஞ்சளாக ஒரு கட்டம் விழுந்து கிடக்கிறது. அதில் அவர் நிழல் குனிகிறது, நிமிர்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஏறி நின்றபோது அப்பாவுக்குத் தெரிந்திருந்ததா? தெரியாமல் பேசினார் என்றால், செய்யாத தப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஊர் முன்னால் நின்ற மனிதனை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்தேதான் பேசினார் என்றால், வாழ்நாளில் ஒரு நட்டைக்கூடப் பொய்யாக முடுக்காதவர் எனக்காக ஆண்டவர் முன்னால் பொய் சொன்னார். கண்ணை மூடியிருக்கிறேன், கையைக் கோத்திருக்கிறேன். இந்த இரண்டில் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ள?